ஸ்பீக்கர் வயரில் காந்தம் வைத்த பிறகு பாட்டு மாறிவிட்டது: உங்கள் அனுபவம் என்ன?

சத்துவாச்சாரி வானொலி | மே 4, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு அசெம்பிள் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், பழைய சிடி பிளேயர், ஆறு ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. பெரும்பாலும் நாதஸ்வரம், வீணை, கொஞ்சம் பழைய சினிமாப் பாட்டு.

ஸ்பீக்கர் வயரில் நியோடிமியம் காந்தம் ஒட்டினால் ஒலி தெளிவாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் எட்டு வில்லைகள் வரவழைத்தேன். ஸ்பீக்கர் முனையில் பக்கத்துக்கு இரண்டு, ஆம்ப்ளிஃபையரின் கரண்ட் வயரில் இரண்டு, ஸ்பீக்கர் பெட்டிகளின் முதுகில் ஒவ்வொன்று. டேப் போட்டு ஒட்டினேன்.

அன்று இரவு ஒரு தோடி ஆலாபனை போட்டேன். தவிலில் தொப்பிப் பக்கம் விழும் கம்பு அடி முன்பெல்லாம் அறை முழுவதும் கும்மென்று பரவும். இப்போது ஒவ்வொரு அடியும் தனியாக விழுந்து தனியாக நிற்கிறது. நாதஸ்வரமும் வலது பக்கம் ஒதுங்கி நிற்காமல் நடுவுக்கு வந்துவிட்டது. நானாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை, உறுதியாகச் சொல்கிறேன். இது எப்படி நடக்கிறது? நம் பக்கத்தில் வேறு யாராவது செய்து பார்த்தீர்களா?

வாலாஜா வால்வு | மே 4, இரவு 10.25

நான் செய்திருக்கிறேன் சார். எனக்கும் வித்தியாசம் தெரிந்தது. என்னுடையது வால்வு ஆம்ப்ளிஃபையர், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வைத்தது; இஎல்84 என்ற வகை வால்வு ஜோடி. வயரில் காந்தம் வைத்தபோது மேல் ஸ்தாயி கொஞ்சம் மிருதுவானது. காரணம் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. காரணம் தெரியவில்லை என்பதற்காகக் கேட்டது பொய்யாகிவிடாது. முப்பது வருடமாகப் பாட்டுக் கேட்கிற காதுக்கு ஒரு மரியாதை வேண்டும்.

ஆற்காடு 70 | மே 4, இரவு 11.02

சுத்த ஏமாற்று வேலை. காந்தக் கட்டில், காந்தத் தண்ணீர் என்று விற்றவர்கள் இப்போது பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். இதை நம்புகிறவர்களை என்ன சொல்வது.

காட்பாடி ஜங்ஷன் | மே 5, காலை 6.15

ஆற்காடு நண்பரே, விற்கிறவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். கேட்டதைச் சொன்னவரைத் திட்ட வேண்டாம். அவர் ஒரு மாற்றத்தைக் கவனித்து, ஏன் என்று கேட்கிறார். இயற்பியல் பாடம் நடத்துகிற எனக்கு வகுப்பில் இப்படி ஒரு பையன் கேட்டால் அன்று முழுவதும் சந்தோஷமாக இருக்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு வயரில் 1 ஆம்பியர் ஓடுகிறது, அதில் 2 செ.மீ. நீளத்துக்குக் காந்தம் தொட்டுக்கொண்டிருக்கிறது, அங்கே புலம் 0.2 டெஸ்லா என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வயர் மீது விழும் விசை 0.004 நியூட்டன். அரை கிராம் எடைகூட வராது. ஸ்பீக்கர் வயர் என்பது போவதும் வருவதுமாக ஒட்டிய இரட்டை வயர். ஒன்றின் மீது விசை இந்தப் பக்கம் என்றால் மற்றதின் மீது அந்தப் பக்கம். பெரும்பகுதி கழிந்துவிடும். மேலே பிவிசி உறை வேறு இறுகப் பிடித்திருக்கிறது. அந்த வயர் அசைந்து பாட்டை மாற்ற வழியில்லை.

பெட்டியின் முதுகில் ஒட்டியதற்கும் கணக்கு உண்டு. நீங்கள் சொன்ன அளவு வில்லை 10 செ.மீ. தள்ளி உண்டாக்கும் புலம் சுமார் 0.3 மில்லிடெஸ்லா. நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் 0.04 மில்லிடெஸ்லா அளவில் இருக்கிறது. அதைவிட ஏழெட்டு மடங்கு என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். ஆனால் ஸ்பீக்கருக்குள் காயில் என்ற கம்பிச் சுருள் ஆடுகிற இடுக்கில் ஏறத்தாழ 1 டெஸ்லா இருக்கிறது. அதன் முன்னால் இது மூவாயிரத்தில் ஒரு பங்கு.

ஆகவே காந்தம் காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன மாற்றம் மிகக் குறிப்பாக இருக்கிறது: தாளம் இறுகியது, நாதஸ்வரம் நடுவுக்கு வந்தது. பிரமை என்றால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றுதான் பொதுவாகச் சொல்லத் தோன்றும். அதனால் இது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குடியாத்தம் காயில் கடை | மே 5, இரவு 11.50

இப்போதுதான் கடை சாத்தினேன். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருகிறது. சவுண்ட் சர்வீஸ்காரர்கள் எல்லோரும் எரிந்த ஸ்பீக்கர் யூனிட்டையும் கிழிந்த கோனையும் (முன்னால் ஆடுகிற கூம்பு) கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள். ஆனாலும் காந்தம் என்று பார்த்த பிறகு எழுதாமல் படுக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக என் சோறு அதில்தான் இருக்கிறது.

ஸ்பீக்கரைப் பிரித்துப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதுகில் கறுப்பாக, வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு இருப்பது ஃபெரைட் காந்தம். அதன் முன்னும் பின்னும் இரும்புத் தட்டு. பின் தட்டிலிருந்து ஓர் இரும்புத் தூண் நடு ஓட்டை வழியாக முன்னால் வரும். தூணுக்கும் முன் தட்டுக்கும் நடுவில் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் இடுக்கு. காந்தத்தின் முழு பலமும் இரும்பு வழியாக வந்து அந்த இடுக்கில்தான் திரள்கிறது. காயில் அங்கே தொங்குகிறது. பாட்டு கரண்டாக வந்து காயிலைத் தள்ளும், இழுக்கும். கோன் அதோடு சேர்ந்து ஆடும். 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பேர் காட்டிய அமைப்பு அடிப்படையில் இன்றைக்கும் அதுதான்.

அந்த இடுக்கில் ஓர் இரும்புத் தூள் விழுந்தால் போதும், கரகரவென்று சத்தம் வரும். டேப்பை மடித்து உள்ளே விட்டு ஒட்டி ஒட்டி எடுப்போம். வெயிலில் வேனில் கிடந்து பசை இளகிக் காந்தம் ஒரு நூல் நகர்ந்தாலும் காயில் சிக்கிக்கொள்ளும். அப்படி நுணுக்கமான இடம் அது.

சரி, வெளியிலிருந்து காந்தம் வைத்து ஸ்பீக்கரை மாற்றவே முடியாதா என்றால், முடியும். பழைய பிக்சர் டியூப் டிவி காலத்தில் ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தால் திரையின் மூலையில் பச்சையும் சிவப்புமாகத் திட்டு விழும், நினைவிருக்கிறதா? அதைத் தடுக்க, ஸ்பீக்கரின் பின் தட்டிலேயே இன்னொரு வளையக் காந்தத்தை விலக்குகிற பக்கமாகத் திருப்பிப் பசை போட்டு ஒட்டுவார்கள். வெளியே கசிகிற புலம் குறையும். கூடவே இடுக்கில் பலம் சற்று ஏறும். பேஸ் கொஞ்சம் மெலிந்து இறுகும். இழுக்கிற பக்கமாக வைத்தால் தலைகீழ், இடுக்கிலிருந்து பலத்தை வெளியே உறிஞ்சிவிடும். ஆனால் அதற்கு ஸ்பீக்கரின் காந்தத்துக்கு ஈடான கனத்தில் வளையம் வேண்டும், இரும்புத் தட்டோடு ஒட்டியும் இருக்க வேண்டும். மரப் பெட்டிக்கு வெளியே ஐந்து ரூபாய் அளவு வில்லை ஒட்டினால் எதுவும் ஆகாது அண்ணா.

வாலாஜா வால்வு | மே 6, காலை 7.30

காயில் கடை தம்பி எழுதியதைப் படித்து நிறைய தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் ஒன்று. காந்தத்தால் எதுவும் ஆகாது என்று பொதுவாகச் சொல்ல முடியாது என்பது அவர் எழுத்திலேயே இருக்கிறது. டிவி திரையில் திட்டு விழுந்தது ஏன்? எலக்ட்ரான் கற்றை வளைந்ததால். என் வால்வுக்குள்ளும் எலக்ட்ரான்தான் வெற்றிடத்தில் பாய்கிறது. அங்கே காந்தம் வேலை செய்யாதா?

காட்பாடி ஜங்ஷன் | மே 6, காலை 8.10

செய்யும். வால்வின் கண்ணாடிக்குப் பக்கத்தில் பலமான காந்தத்தைக் கொண்டுபோனால் எலக்ட்ரான் பாதை வளையும், வால்வுக்குள் ஓடுகிற கரண்ட் மாறும். மேக்னட்ரான் என்ற வால்வே அந்த அடிப்படையில் வந்ததுதான். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வைத்தாலும் விளைவு இருக்கும், அது கெடுதலான விளைவு. இரும்பு உள்ளகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டால் பெரிய ஒலியில் சீக்கிரம் நிறைந்துபோய் உருக்குலைவு கூடும். தயவுசெய்து அதன் மேல் வைத்துப் பார்க்காதீர்கள்.

எங்கே இரும்பு இருக்கிறதோ, எங்கே எலக்ட்ரான் வெற்றிடத்தில் போகிறதோ, எங்கே காயில் அசைகிறதோ, அங்கே காந்தம் பேசும். அசையாத செம்பு வயரிடம் அதற்குப் பேச ஒன்றும் கிடையாது. சிடியும் அப்படித்தான். பாலிகார்பனேட், மேலே அலுமினியப் பூச்சு, படிப்பது லேசர். சிடியை டிமாக்னடைஸ் செய்யும் கருவி என்று விற்கிறார்கள். அதில் நீக்குவதற்குக் காந்தமே இல்லை.

ஆம்பூர் கேசட் | மே 6, பிற்பகல் 2.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். டிமாக்னடைஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் குடும்பம் எண்பதுகளில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தது. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுப்பார்கள், எல்பி ரெக்கார்டிலிருந்து எடுத்து அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து கொடுப்போம். கல்யாண சீசனில் நாள் முழுக்க மூன்று டெக் ஓடும். அப்போது டிமாக்னடைசர் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. டேப் ஓட ஓட, அதைப் படிக்கிற ஹெட் என்ற முனையில் காந்தம் தங்கிவிடும். தங்கினால் உஸ் சத்தம் ஏறும், ஜல்ரா மங்கும். அதைவிட மோசம், அந்த ஹெட்டில் ஓடுகிற நல்ல கேசட்டின் மேல் ஸ்தாயியும் கொஞ்சம் கொஞ்சமாக அழியும்.

டெக்கை ஆஃப் செய்துவிட்டு, டிமாக்னடைசரை ஒரு கை தூரத்தில் ஆன் செய்து, மெதுவாகக் கிட்டே கொண்டுபோய், ஹெட் மீது மெல்ல ஆட்டி, அதைவிட மெதுவாக வெளியே எடுத்து, மறுபடி ஒரு கை தூரம் வந்த பிறகுதான் ஆஃப் செய்ய வேண்டும். பக்கத்தில் வைத்தே ஆஃப் செய்துவிட்டால் முன்பு இருந்ததைவிட அதிகமாகக் காந்தம் ஏறி உட்கார்ந்துவிடும். எங்கள் அத்தா இதை எனக்குக் கற்றுக்கொடுத்தபோது ஒரு வாரம் கையைப் பிடித்துக்கொண்டே செய்ய வைத்தார். அவசரப்படாதே, அவசரப்படாதே என்பார். அந்தக் கை அசைவு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

கோன் கழன்று கிடந்த ஒரு பெரிய ஸ்பீக்கரின் காந்தத்தின் மேல் யாரோ நாலு கேசட்டை வைத்துவிட்டார்கள். மறுநாள் போட்டால் பாட்டு நடுவில் நடுவில் பள்ளம் விழுந்தது போல அமுங்கி அமுங்கி வந்தது. அதில் ஒன்று என் நானி பேசியது. வேறு பிரதி கிடையாது. ஆகவே ஒலிக்கும் காந்தத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும். டேப்பில் இருந்த ஒலி காந்தமேதான். வயரில் ஓடுவது அப்படி அல்ல என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சத்துவாச்சாரி வானொலி | மே 6, மாலை 6.45

பாய், உங்கள் நானி பேசிய கேசட் பற்றிப் படித்து மனது கனத்துவிட்டது. அதை இன்னும் வைத்திருக்கிறீர்களா? அமுங்கிய இடத்திலும் ஏதாவது மிச்சம் இருக்கக்கூடும். கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கலாம்.

எல்லோரும் சொல்வது புரிகிறது. கணக்கையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தவில் மாறியது உண்மை. அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

எம்ஆர்ஐ இரவுப்பணி | மே 7, அதிகாலை 3.30

இன்று கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. நான் வேலை செய்கிற மெஷினின் காந்தம் 1.5 டெஸ்லா. ஒரு முழு மனிதர் உள்ளே போகிற குழாய் அளவுக்கு அந்தப் புலம். ஸ்பீக்கர் இடுக்கில் 1 டெஸ்லா என்று படித்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பெரிய ஏற்பாடு செய்து நாங்கள் வாங்குவதை ஒன்றரை மில்லிமீட்டர் இடுக்கில் வைத்திருக்கிறார்கள்.

ஸ்கேன் எடுக்கும்போது டக் டக் டக் என்று பயங்கரமாகச் சத்தம் வரும், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தம் வருவதும் ஸ்பீக்கர் தத்துவத்தில்தான். பெரிய காந்தப்புலத்துக்குள் கிரேடியன்ட் காயில் என்று ஒன்று இருக்கிறது. அதில் கரண்டை வேகமாக மாற்றுகிறோம். காயில் உதறுகிறது, அதுதான் சத்தம். அதாவது நோயாளி ஒரு பெரிய ஸ்பீக்கருக்குள் படுத்திருக்கிறார். அங்கே அந்த அளவு விசை வருவதற்கு 1.5 டெஸ்லாவும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் தேவைப்படுகிறது.

பயப்படுகிறவர்களுக்குப் பாட்டுப் போடுவோம். சாதாரண ஹெட்ஃபோனை உள்ளே கொண்டுபோக முடியாது. ஸ்பீக்கரை வெளியே வைத்து, காற்றுக் குழாய் வழியாகப் பாட்டைக் காதுக்கு அனுப்புகிறோம். டெலிஃபோன் போல மூக்கடைத்துத்தான் கேட்கும், ஆனாலும் கிராமத்திலிருந்து வருகிற வயதானவர்கள் பாட்டு ஓடினால் அசையாமல் படுத்திருப்பார்கள். இது தலைப்புக்குச் சம்பந்தம் இல்லை, எழுதத் தோன்றியது.

கண்ணை மூடிச் சோதித்துப் பார்த்துவிடுங்களேன். புது மருந்தைக்கூட அப்படித்தானே சோதிக்கிறார்கள்.

காட்பாடி ஜங்ஷன் | மே 7, காலை 6.40

சரியான யோசனை. கொளுத்துகிற கத்திரியில் பகலில் வெளியே போக வேலையும் இல்லை. ஞாயிறு என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், காந்தி நகர்தான். சத்துவாச்சாரி சார், உங்கள் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், வயர், காந்தம் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவாருங்கள். ஆட்டோ செலவு என்னுடையது.

முறையைச் சொல்கிறேன், குறை இருந்தால் இப்போதே சொல்லுங்கள். ஸ்பீக்கரின் பின்பக்கம் வயர் தெரியாமல் போர்வை கட்டுவோம். என் மகள் பின்னால் உட்கார்ந்து நாணயம் சுண்டுவாள். தலை விழுந்தால் காந்தம் வைப்பாள், பூ விழுந்தால் வைக்காமல் அதே கை அசைவை மட்டும் செய்வாள். நோட்டில் குறித்துக்கொள்வாள், பேச மாட்டாள். கேட்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசாமல் தாளில் எழுத வேண்டும். பதினாறு முறை. முதலில் பார்த்தபடியே, வைத்தும் எடுத்தும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.

பதினாறில் 12 சரியாகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்கிறேன். குத்துமதிப்பாக எழுதியே ஒருவர் 12-ஐத் தொட நூற்றுக்கு 4-க்கும் குறைவான வாய்ப்புதான்.

வாலாஜா வால்வு | மே 7, காலை 9.15

அவசரத்தில் கேட்டால் நுணுக்கம் பிடிபடாது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்பவரே முடிவு செய்ய வேண்டும். பாட்டையும் நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன். மனப்பூர்வமாக வருகிறேன்.

காட்பாடி ஜங்ஷன் | மே 7, காலை 9.20

இரண்டுக்கும் சம்மதம்.

ஏலகிரி காற்று | மே 8, இரவு 8.05

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். லேப்டாப் சார்ஜர் வயரில் உருண்டையாகக் காந்தம் இருக்கிறதே, அது மட்டும் எதற்கு? என் செட்டில் கோடை வந்தால் ஹம் சத்தம் கூடுகிறது. கரண்ட் வயரில் காந்தம் வைத்தால் போகுமா?

குடியாத்தம் காயில் கடை | மே 8, இரவு 11.30

அந்த உருண்டை காந்தம் இல்லை தம்பி. அதுவும் ஃபெரைட் வகைதான், ஆனால் காந்தம் ஏற்றாதது. ஆணியைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒட்டாது. ரேடியோ அலை அளவுக்கு வேகமான இரைச்சல் வயர் வழியாக ஏறாமல் தடுக்கும். வயரில் காந்தம் வைக்கிற பழக்கமே அதைப் பார்த்து வந்த குழப்பமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஹம் என்பது 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ். அதற்கு இந்த உருண்டை எதுவும் செய்யாது.

கோடையில் கூடுகிறது என்றால் எர்த்தைப் பாருங்கள். நம் பக்கம் பாறை பூமி. சித்திரை வைகாசியில் குழி காய்ந்து எர்த் பிடிக்காது. உப்பும் கரியும் போட்ட குழியென்றால் ஒரு வாரம் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அதற்கும் போகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் பின்னை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். ஹம் போகும், ஷாக் வரும்.

ஆற்காடு 70 | மே 9, காலை 10.00

முதலில் எழுதியது கடுமையாகிவிட்டது. சத்துவாச்சாரி சாரிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். வலிக்கு என்று சொல்லிக் காந்தப் பட்டை விற்று என் மாமாவிடம் ஒருவர் பெரிய தொகை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கோபம் இங்கே வந்துவிட்டது. ஞாயிறு நானும் வரலாமா? போர்வை கட்ட ஆள் வேண்டுமே.

சத்துவாச்சாரி வானொலி | மே 9, காலை 10.40

கட்டாயம் வாருங்கள். வரும்போது ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கிவந்தால் கணக்கு நேராகிவிடும்.

காட்பாடி ஜங்ஷன் | மே 10, இரவு 9.30

ஞாயிறு காலை பத்துக்குத் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் தொடர்ந்து, நாலரைக்கு முடிந்தது. கேட்டவர்கள் மூன்று பேர்.

சத்துவாச்சாரி வானொலி: 16-க்கு 7.
வாலாஜா வால்வு: 16-க்கு 10.
ஆம்பூர் கேசட்: 16-க்கு 6.

வாலாஜா சார் தன் 10 பற்றிக் கேட்டார். வெறும் நாணயம் சுண்டினாலே நாலில் ஒரு தடவைக்குச் சற்றுக் குறைவாக 10 அல்லது அதற்கு மேல் வரும். ஆகவே அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. அவர் கேட்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வீணையின் அதே பன்னிரண்டு நொடியை மூன்று முறை கேட்டு, கண்ணை மூடி, கொஞ்சம் பொறுத்துத்தான் எழுதினார். நான் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது மதிப்பெண் அல்ல. சாப்பிடும்போது சத்துவாச்சாரி சார் ஒரு வாக்கியம் சொன்னார்: காந்தத்தை எடுத்த பிறகும் அதே நன்றாகத்தானே இருக்கிறது, பழைய ஒலி திரும்பி வரவே இல்லையே. காயில் கடைத் தம்பி அப்படியே சோற்றில் கையை நிறுத்திவிட்டார். மீதியை அவரே எழுதட்டும்.

குடியாத்தம் காயில் கடை | மே 10, இரவு 11.15

நான் கேட்டது ஒன்றே ஒன்று: காந்தம் ஒட்டின அன்று வேறு என்ன செய்தீர்கள் அண்ணா? ஒன்றுமில்லை என்றார். யோசித்துவிட்டு, வயரைக் கழற்றினேன் என்றார். முனைக்கு ஒட்டிக் காந்தம் வைக்க இடம் வேண்டுமே என்று இரண்டு ஸ்பீக்கர் வயரையும் கிளிப்பிலிருந்து பிடுங்கியிருக்கிறார். நுனி கருத்து முறுக்கு அவிழ்ந்திருந்ததால் ஒரு விரல்கடை வெட்டி, புதிதாகச் சீவி மாட்டியிருக்கிறார். கிளிப்பின் தகட்டையும் சட்டைத் துணியால் துடைத்தாராம்.

எவ்வளவு நாள் கழற்றாத வயர் என்றேன். பதினோரு வருடம். அதில் ஏழு வருடம் வாணியம்பாடியில், தோல் தொழிற்சாலை பக்கத்தில் வாடகை வீடு.

ஆம்பூர் கேசட் | மே 10, இரவு 11.40

அந்த இடத்தில் நான் குறுக்கே பேசிவிட்டேன். தோல் பதனிடும் இடத்தில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள். அழுகிய முட்டை நாற்றம் வருவது அந்தக் கந்தக வாயுவால். எங்கள் வீட்டில் வெள்ளிக் கொலுசு இரண்டு மாதத்தில் கறுத்துவிடும். செம்பும் தப்பாது. அந்தப் பக்கம் இருக்கிற யார் வீட்டு ஸ்பீக்கர் வயரையும் பிடுங்கிப் பாருங்கள், நுனி கரி மாதிரி இருக்கும்.

சத்துவாச்சாரி வானொலி | மே 12, இரவு 8.50

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன், உறுதி செய்யாமல் எழுத வேண்டாம் என்று.

வெட்டிய நுனியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஆனால் கீழே ஹாலில் டிவியோடு இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கிறது. அதே சுருளில் வெட்டிய வயர், அதே வாணியம்பாடி வீடு, இன்று வரை கழற்றவில்லை. காயில் கடைத் தம்பி திருவிழா வேலைக்கு நடுவில் மீட்டர் எடுத்துக்கொண்டு வந்தார். இந்த உதவியை நான் மறக்க மாட்டேன். மீட்டர் முனைகளின் சொந்தத் தடையைக் கழித்துவிட்டு அளந்தோம். வலது பக்கம் 0.3 ஓம். இடது பக்கம் 1.4 ஓம். இடது பக்க நுனிகள் பச்சையும் கறுப்புமாக இருந்தன. வெட்டிச் சீவி, கிளிப்பைத் துடைத்து மாட்டிய பிறகு இரண்டும் 0.2 ஓம்.

காட்பாடி சார் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஆறு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் 1.2 ஓம் கூடுதலாக உட்கார்ந்தால் அந்தப் பக்கம் ஒலி ஒன்றரை டெசிபெல் இறங்கும். இடது மட்டும் இறங்கினால் நாதஸ்வரம் வலது பக்கம் ஒதுங்கும். கோனின் ஆட்டத்தை ஆம்ப்ளிஃபையர் பிடித்து நிறுத்துகிற பிடியும் தளரும். தவில் கும்மென்று பரவும்.

நான் முதல் நாள் எழுதிய இரண்டும் அப்படியே இருக்கின்றன. மாடி ஜோடியிலும் இதேதான் நடந்திருக்க வேண்டும். ஹாலில் உட்கார்ந்து அதே தோடியைப் போட்டேன். காந்தம் ஒன்றுகூட இல்லை. கம்பு அடி ஒவ்வொன்றும் தனியாக விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டது சரி, காரணம்தான் வேறு இடத்தில் இருந்தது.

எம்ஆர்ஐ இரவுப்பணி | மே 13, அதிகாலை 4.10

படித்து முடித்ததும் வீட்டுக்குப் போய் முதல் வேலையாக என் வயரைக் கழற்றப் போகிறேன். சீவிய பிறகு நுனிக்கு ஈயம் வைக்கலாமா?

குடியாத்தம் காயில் கடை | மே 13, இரவு 10.45

ஸ்ப்ரிங் கிளிப்புக்கு லேசாக வைக்கலாம். திருகி இறுக்குகிற டெர்மினலுக்கு வேண்டாம், ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி நாளாவட்டத்தில் லூசாகிவிடும். வெறும் செம்பை முறுக்கி இறுக்குங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். இந்தச் சூட்டில் இன்னொன்று: ஸ்பீக்கரை மேற்குச் சுவர் ஓரம் வைக்காதீர்கள். ஃபெரைட் காந்தம் சூடு ஏற ஏறக் கொஞ்சம் பலம் இறங்கும், ஆறினால் திரும்பிவிடும். அதைவிடப் பசைக்குத்தான் பயம்.

காட்பாடி ஜங்ஷன் | மே 14, காலை 6.30

ஒரு டிகிரிக்கு நூற்றில் 0.2 பங்கு இறங்கும். பதினைந்து டிகிரி ஏறினால் 3 சதவீதம், கால் டெசிபெல் அளவு. காதுக்குத் தெரியாது. பசை பற்றித் தம்பி சொன்னதைக் கேளுங்கள்.

வாலாஜா வால்வு | மே 14, இரவு 9.05

ஞாயிற்றுக்கிழமை முடிவை ஏற்றுக்கொள்கிறேன், அந்த ஆம்ப்ளிஃபையருக்கு. நானும் காந்தம் வைத்த அன்று என்னென்ன கழற்றினேன் என்று யோசித்துப் பார்த்தேன். வால்வுகளைப் பிடுங்கி, அவற்றின் கம்பிக் கால்களைத் துடைத்து மாட்டியிருக்கிறேன். அதுவாகவும் இருக்கலாம். ஆனால் என்னுடையதில் வயர் ஆம்ப்ளிஃபையரை விட்டு வெளியே வருகிற இடம் வால்வுக்கு நாலு விரல் தூரம்தான். வால்வு விஷயத்தில் காந்தம் பேசும் என்று காட்பாடி சாரே சொல்லியிருக்கிறார். என் செட்டில், என் அறையில், இன்னொரு பதினாறு சுற்று வேண்டும். இந்த முறை எதையும் கழற்றாமல்.

காட்பாடி ஜங்ஷன் | மே 14, இரவு 9.15

இது நியாயமான கேள்வி, பதில் எனக்கே தெரிந்துகொள்ள ஆசை. வாலாஜாவுக்கு வருகிறேன். நாணயத்தையும் நோட்டையும் மகள் கொண்டுவருவாள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து காந்தம் ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும்.

குடியாத்தம் காயில் கடை | மே 14, இரவு 11.55

நாளைக்குச் சிரசு. திருவிழா முடிந்து மிச்ச வேலையும் தீர இருபத்துநாலாம் தேதி ஆகும். அந்த ஞாயிறு என்றால் நானும் வருகிறேன், மீட்டரோடு.

வாலாஜா வால்வு | மே 15, காலை 6.20

இருபத்துநாலு, காலை ஒன்பது மணி. வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்துவிடுங்கள். வால்வு சூடாக அரை மணி வேண்டும், எட்டரைக்கே போட்டு வைக்கிறேன். ஆம்பூர் பாய், நானி பேசிய கேசட்டை மறக்காமல் எடுத்துவாருங்கள். என்னிடம் நல்ல டெக் ஒன்று இருக்கிறது. ஹெட்டை நீங்களே டிமாக்னடைஸ் செய்துவிட்டுப் போடலாம்.